இணைத்த சீட்டை யார் பார்க்கிறார்?

வணிகக் கணக்கு மென்பொருளைப் பற்றி எழுத மொழியியல் மாணவருக்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். வரதய்யபாளையத்தில் தண்ணீர் லாரி வைத்திருக்கும் ஒருவரின் 2,700 ரூபாய் நிலுவை எப்படித் தீர்ந்தது என்பதைப் பார்க்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தொகை சிறியது. அது தீர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அதற்கான ஆதாரம் கணினிக்குள்ளேயே, உரிய கணக்கின் உரிய பதிவோடு இணைக்கப்பட்டு, எவராலும் திறக்கப்படாமல் இருந்தது. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வரதய்யபாளையம் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. கோடு நகர்ந்ததே தவிர, கோட்டுக்கு இருபுறமும் இருந்தவர்கள் தங்கள் மொழிகளோடு அங்கேயே இருந்தார்கள். 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம் சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா வட்டாரங்களில் விரிந்த பிறகு, இங்குள்ள சிறு வணிகர்கள் பலர் பெரிய நிறுவனங்களுக்கும் அவற்றின் ஒப்பந்ததாரர்களுக்கும் தண்ணீர், சாப்பாடு, மணல், வண்டி வாடகை என்று ஏதாவதொன்றை வழங்குபவர்களாக மாறினார்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கும் கையெழுத்துச் சீட்டுகளில் தமிழும் தெலுங்கும் எப்படிக் கலக்கின்றன என்பதைப் பார்ப்பது என் ஆய்வின் ஒரு பகுதி. அந்தச் சீட்டுகளைத் தேடிப் போன இடத்தில்தான் இந்தச் செய்தி கிடைத்தது.

தண்ணீர் லாரிக்காரர் தமிழ்வழியில் படித்தவர். பில் புத்தகத்தின் தலைப்பு தெலுங்கில் அச்சாகியிருந்தது. உள்ளே அவர் எழுதுவது தமிழில். தொழிலாளர் குடியிருப்பு ஒன்றுக்கு மாதம் முழுதும் தண்ணீர் விட்டுவிட்டு, கடைசி நாளில் 12 நடை, நடைக்கு 900 ரூபாய், மொத்தம் 10,800 என்று எழுதினார். மொத்தத்துக்குக் கீழே, கட்டத்துக்கு வெளியே, “போன மாசம் விட்டுப்போன 3 நடை இதோட சேத்துக்கவும்” என்று ஒரு வரி. சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார்கள். வேறொரு நகரில் இருந்த கணக்கு அலுவலகத்தில் அந்தப் படத்தைப் பதிவோடு இணைத்து, 10,800 என்று ஏற்றினார்கள். அந்தத் தொகை வந்து சேர்ந்தது. மூன்று நடைக்குரிய 2,700 வரவில்லை.

அவர் கேட்கப் போனபோது கிடைத்த பதிலை என்னிடம் இப்படிச் சொன்னார்: “சிஸ்டத்துல இல்லையாம் தம்பி. சிஸ்டத்துல இல்லன்னா நான் தண்ணி விடலன்னு அர்த்தமாம்.” உள்ளூர் மேற்பார்வையாளரால் கணக்கின் பதிவைப் பார்க்க முடிந்தது, அதன் பக்கத்தில் இருந்த கிளிப் குறியைத் தொட்டால் வெற்றுச் சதுரம் ஒன்றுதான் வந்தது. கடைசியில் தலைமை அலுவலகத்தில் ஒருவர் படத்தைத் திறந்து, கைப்பேசிக்கு அனுப்பி, அதில் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அந்த அலுவலகத்தில் தமிழ்க் கையெழுத்தைப் படிப்பவர் இல்லை. படித்துச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அடுத்த மாதப் பட்டியலில் பணம் வந்துவிட்டது. யாரும் அவரை ஏமாற்ற நினைக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பாக்கி மூன்று நடையைத் தொகையாக்கி மொத்தத்தில் சேர்க்காதது அவர் பிழை என்று சொல்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வி வேறு. அவர் எழுதியது படத்தில் இருந்தது, படம் கணக்கில் இருந்தது. இருந்தும் ஏன் அது இல்லாததற்குச் சமமாயிற்று?

கணக்கியல் பாடநூல் ஒரு வரிசையைச் சொல்லித்தருகிறது: சான்றுச்சீட்டு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு. நடந்ததற்கு மிக நெருக்கமாக நிற்பது சான்றுச்சீட்டு. அதிலிருந்து குறிப்பேட்டுக்குப் போகும்போது நாள், கணக்கின் பெயர், தொகை, ஒரு சிறு விளக்கம் ஆகியவை எஞ்சுகின்றன. பேரேட்டுக்குப் போகும்போது விளக்கமும் சுருங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஏதோ விடுபடுகிறது. விடுபடுவதால்தான் கணக்கு கணக்காகிறது. மொழியியலில் பழக்கப்பட்ட சொல்லால் சொன்னால், பதிவு என்பது சீட்டின் சுருக்க மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் மூலத்தைப் பார்க்க வேண்டும் என்பது எந்த மாணவருக்கும் தெரியும். கணக்கு மென்பொருளில் மூலம் என்பது அந்த இணைப்புப் படம்.

சட்டம் இதை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், பிரிவு 34, முறையாக எழுதப்பட்டுவரும் கணக்கேட்டுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்றது. ஆனால் அப்பதிவு மட்டுமே ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்றும் சொன்னது. ஹவாலா டைரி வழக்கில், 1998இல், உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை விளக்கி, கணக்கேட்டுப் பதிவுக்கும் தனியான ஆதாரத் துணை வேண்டும் என்று வலியுறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் மின்னணுக் கணக்கேடுகளையும் சேர்த்து அதே வரம்பைத் தொடர்கிறது. ஆக, “சிஸ்டத்தில் இல்லை” என்பதோ “சிஸ்டத்தில் இருக்கிறது” என்பதோ இறுதிச் சொல் அன்று என்பது ஒன்றரை நூற்றாண்டுக் கொள்கை. அலுவலக வழக்கம்தான் அதை மறந்திருக்கிறது.

நிறுவனங்கள் சட்டம், 2013, பிரிவு 128 கணக்கேடுகளை எட்டு நிதியாண்டுகளுக்குக் காக்கச் சொல்லும்போது, பதிவுகளுக்குரிய சான்றுச்சீட்டுகளையும் சேர்த்தே காக்கச் சொல்கிறது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் என்கிறது. மின்னணுக் கணக்கேடுகளைப் பற்றிய 2014ஆம் ஆண்டின் நிறுவனங்கள் (கணக்குகள்) விதிகள் இன்னும் ஒரு படி போய், மின்னணு ஆவணத்தின் உள்ளடக்கம் படிக்கத்தக்க வடிவில் காட்டத்தக்கதாக இருக்க வேண்டும் என்கின்றன. இந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். படிக்கத்தக்கது என்பது எழுத்தின் குணம் மட்டுமன்று. யாரோ ஒருவர் படிக்க இருக்கிறார் என்பதை அந்தச் சொல் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. வேறொரு நகரத்துத் திரையில் தெளிவாகத் தெரிந்த அந்தத் தமிழ் வரி, அங்கே இருந்தவர்களுக்குப் படிக்கத்தக்கதாக இருந்ததா?

அதே விதிகளில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தம் உண்டு. நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் தணிக்கைத் தடத்தைப் பதிய வேண்டும்; எந்த மாற்றம் எந்த நாளில் செய்யப்பட்டது என்ற திருத்தப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும்; அந்த வசதியை அணைக்க முடியாதிருக்க வேண்டும். நல்ல விதி. பதிந்த பிறகு கைவைப்பதை அது பிடிக்கும். பதியும்போதே சீட்டைப் பாராமல் பதிந்ததை அது பிடிக்காது. மாற்றியவரின் தடம் இருக்கிறது. பார்த்தவரின் தடம் இல்லை. தண்ணீர் லாரிக்காரரின் கணக்கில் ஒரு திருத்தமும் நடக்கவில்லை. ஆகவே தணிக்கைத் தடத்தின் கண்ணுக்கு அது மாசற்ற கணக்கு.

இனி அந்த வெற்றுச் சதுரம். இது கைத்தவறு என்று நினைத்திருந்தேன். விசாரித்தபோது, இணைப்பு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதிலேயே காரணம் இருந்தது. கணக்குப் பதிவோடு படத்தை இணைப்பதற்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. முதல் வழியில் மென்பொருள் படத்தை எடுத்துக்கொள்வதில்லை. படம் கணினியில் எந்த அடைவில் இருக்கிறது என்ற முகவரியை மட்டும் குறித்துக்கொள்கிறது. கட்டற்ற மென்பொருளான குனூகேஷ் இப்படித்தான் செய்கிறது. அது ஆவண இணைப்பு என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. அடைவின் பெயரை மாற்றினாலோ, கணக்குக் கோப்பை மட்டும் வேறு கணினிக்கு நகலெடுத்தாலோ, முகவரி இருக்கும், வீடு இருக்காது. இரண்டாம் வழியில் படம் கணக்கின் தரவுத்தளத்துக்குள்ளேயே போய்விடுகிறது. பிரிந்துபோகாது, ஆனால் தரவுத்தளம் பருத்து, காப்புநகல் எடுப்பது சுமையாகிறது. மூன்றாம் வழியில் படம் இணையச் சேவையகத்தில் இருக்கிறது. எங்கிருந்தும் பார்க்கலாம், பார்க்கும் உரிமை தரப்பட்டிருந்தால். பதிவைக் காணும் உரிமையும் இணைப்பைக் காணும் உரிமையும் தனித்தனியாக இருக்கும் இடங்களில், ஒருவருக்குத் தொகை தெரியும், அதன் காரணம் தெரியாது.

இவை தவிரச் சிறு தடைகள் பல. 2017க்குப் பிறகான ஐபோன்கள் இயல்பாக எடுக்கும் படவகை பழைய விண்டோஸ் கணினியில் கூடுதல் நிரல் இல்லாமல் திறப்பதில்லை. பல பக்கங்களை ஒரே கோப்பில் அடக்கும் டிஃப் படத்தில், எளிய படக்காட்டி முதல் பக்கத்தை மட்டும் காட்டி நின்றுவிடலாம். கைப்பேசியில் எடுத்த படம் பக்கவாட்டில் படுத்திருக்கும். வாட்ஸாப் வழியே சாதாரணமாக அனுப்பிய படம் சுருக்கப்பட்டு, பென்சில் எழுத்து சாம்பல் கறையாகிவிடும். வெப்பத்தாளில் அச்சான ரசீதைச் சில மாதம் கழித்துப் படம் எடுத்தால் வெள்ளைத் தாளைத்தான் இணைக்க முடியும். கணக்கை விரிதாளாக ஏற்றுமதி செய்து தணிக்கையாளருக்கு அனுப்பினால் எண்களும் பெயர்களும் போய்ச் சேரும், படங்கள் பின்தங்கிவிடும். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் அற்பம். எல்லாம் சேர்ந்தால், இணைக்கப்பட்டிருக்கிறது என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும்.

இணைப்பது ஒரு செயல். பார்ப்பது வேறொரு செயல். மென்பொருள் முதலாவதை எண்ணுகிறது, இரண்டாவதை எண்ணுவதில்லை. எண்ணப்படுவதே கடமையாகும்போது, எண்ணப்படாதது தானாக உதிர்ந்துபோகும். இணைப்பே இல்லாத பதிவைக் கண்டால் ஒரு கணக்காளர் சந்தேகப்படுவார், சீட்டு எங்கே என்று கேட்பார். கிளிப் குறி இருக்கும் பதிவைக் கண்டால் கேட்கமாட்டார். பார்க்கப்படாத படம் சந்தேகத்தைத் தணிக்கிறது என்பதால், சில வேளைகளில் அது படம் இல்லாமையைவிடத் தீங்கானது. என் முழு வாதமும் இந்த ஒரு கருத்துக்குள் அடங்கும்.

இது வணிகக் கணக்கோடு நிற்பதன்று. ஊரக வேலை உறுதித் திட்டத்தில், 2023 ஜனவரி 1 முதல், பணித்தளத்தில் தொழிலாளர்களின் படத்தை நாளுக்கு இருமுறை எடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. வருகைப் பட்டியல் ஒரு கணக்கு. படம் அதன் சான்று. 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, நடந்துவந்த முறைகேடுகளை வரிசைப்படுத்தியது: வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள், படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றியவை, படத்தில் உள்ளவர்களுக்கும் பட்டியலில் உள்ளவர்களுக்கும் எண்ணிக்கை பொருந்தாதவை, ஒரே தொழிலாளர் பல பட்டியல்களில் தோன்றியவை. இவற்றைக் கண்டுபிடிக்க நுண்கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒருவர் படத்தைத் திறந்து பார்த்தால் போதும். படம் ஏறியது என்பதைச் சேவையகம் எண்ணிக்கொண்டிருந்தது. அதன் பிறகு, ஏறிய படங்களைப் பல நிலைகளில் அலுவலர்கள் கண்ணால் சரிபார்க்க வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கை சொல்ல வேண்டியதாயிற்று.

கணக்கின் மூலத்தைப் பார்க்க முடியாதவர் எவ்வளவு இழக்கக்கூடும் என்பதற்குப் பிரிட்டன் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் புகுத்தப்பட்ட ஹொரைசன் கணக்கு மென்பொருள், இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. அஞ்சல் நிலையம் நடத்திய 900க்கு மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அந்தப் பற்றாக்குறை எப்படி வந்தது என்று ஆராய்வதற்கான தரவு அவர்கள் கையில் இல்லை. திரையில் தெரிந்த தொகைதான் இருந்தது. 2019இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதி செய்தது. 2024இல் தண்டனைகளை நீக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2,700 ரூபாயோடு அதை ஒப்பிடுவது மிகை என்று படலாம். அளவு வேறு, அமைப்பு ஒன்றுதான். ஒரு தரப்பிடம் திரை இருக்கிறது. மறு தரப்பிடம் தன் நினைவு மட்டும் இருக்கிறது.

மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு: மாதம் ஆயிரக்கணக்கில் சீட்டு வரும் அலுவலகத்தில் ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்க்க ஆள் ஏது? நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதிபவர் ஒருமுறை பார்த்தே தீர வேண்டும். படமும் பதிவுக் கட்டமும் ஒரே திரையில் பக்கம்பக்கமாக இருந்தால் அதற்குக் கூடுதல் நேரம் ஆகாது. கிளிப் குறியின் பின்னால் ஒளித்துவைப்பதால்தான் அது தனி வேலையாகிறது. தணிக்கையாளர் மாதிரி எடுத்துப் பார்ப்பது ஏற்கெனவே உள்ள வழக்கம். தகராறு எழுந்தால் மட்டும் முழுமையாகப் பார்க்க வேண்டும். அப்போது படம் திறக்க வேண்டும், அவ்வளவே.

இரண்டாம் மறுப்பு: எழுத்துணரி நிரல்களும் செயற்கை நுண்ணறிவும் படித்துக்கொள்ளும். அச்சிட்ட விலைப்பட்டியலை அவை நன்றாகவே படிக்கின்றன. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள், பிற வணிகர்களுக்குத் தரும் விலைப்பட்டியலை 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்விலைப்பட்டியலாகப் பதிந்தாக வேண்டும். அதில் படிக்க வேண்டிய தேவையே இல்லை, குறியீட்டை வருடினால் போதும். சிக்கல் அந்த வரம்புக்குக் கீழே இருப்பவர்களுடையது. தெலுங்கு அச்சின் மேல் தமிழ்க் கையெழுத்து, நடுவில் ஆங்கில எண், ஓரத்தில் ஒரு குறிப்பு: இப்படிப்பட்ட சீட்டு, அச்செழுத்தைக் கொண்டு பயிற்றப்பட்ட நிரலுக்குப் பெரும்பாலும் கறைதான். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 2013இல் ஜெர்மானியக் கணினியியலாளர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில வருடிகள் ஒரு கட்டட வரைபடத்தை நகலெடுக்கும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டறிந்தார். இடத்தை மிச்சப்படுத்தும் சுருக்க முறை, ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதி, 6 இருந்த இடத்தில் 8 வைத்தது. மங்கிய எழுத்தாக இருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருப்பார்கள். அது மிகத் தெளிவாக இருந்த தவறான எண். இயந்திரம் தயங்குவதில்லை என்பதே அதன் ஆபத்து. இயந்திரம் படித்ததை மனிதர் சரிபார்க்க வேண்டுமானால், மூலப்படம் திறக்கத்தக்கதாக இருப்பது முன்னிலும் அவசியமாகிறது.

மூன்றாம் மறுப்பே கனமானது: பார்க்கும் உரிமையை விரித்தால் அந்தரங்கம் என்னவாகும்? இணைப்புகளில் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் எல்லாம் இருக்கும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுந்த கவலையை நான் பகிர்ந்துகொள்கிறேன். ஆனால் இங்கே கேட்கப்படும் உரிமை மிகக் குறுகியது. தான் எழுதிக் கொடுத்த சீட்டு, தன் பெயரிலுள்ள கணக்கில் எப்படி ஏறியிருக்கிறது என்று பார்க்கும் உரிமை அது. தன் சொந்தச் சீட்டைத் தானே பார்ப்பதால் எவருடைய அந்தரங்கமும் கெடாது. மூடிவைப்பதற்குத் தரவுப் பாதுகாப்பு காரணமாகச் சொல்லப்படும்போது, யாருடைய தரவு, யாரிடமிருந்து பாதுகாக்கப்படுகிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆக, நான் முன்வைப்பவை நான்கு. ஒன்று, பதிவுத் திரையிலேயே படம் தெரிய வேண்டும். பதிபவர் பார்த்து ஒப்பிட்டதாகக் குறித்தால்தான் பதிவு நிறைவுபெற வேண்டும், அந்தக் குறிப்பும் தணிக்கைத் தடத்தில் ஏற வேண்டும். இரண்டு, தொகைக் கட்டத்துக்கு வெளியே சீட்டில் எழுதப்பட்ட குறிப்பை, அது எழுதப்பட்ட மொழியிலேயே, விளக்கக் கட்டத்தில் எழுத வேண்டும். ஒருங்குறி வந்த பிறகு இதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. படிக்கத் தெரியாவிட்டால், படிக்க இயலாத குறிப்பு உள்ளது என்றாவது குறிக்க ஒரு கட்டம் வேண்டும். அந்த ஒரு கட்டம் இருந்திருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்காது. மூன்று, கணக்கை வேறிடத்துக்கு மாற்றும்போது படங்களும் சேர்ந்து வர வேண்டும். படக்கோப்பின் பெயர் சீட்டு எண்ணைக் கொண்டிருந்தால், இணைப்பு அறுந்தாலும் மனிதர் தேடி எடுத்துவிடலாம். நான்கு, சீட்டு கொடுத்தவருக்கு அவர் சீட்டின் படத்தையும் ஏறிய தொகையையும் பதிந்த அன்றே அனுப்ப வேண்டும். கைப்பேசி வழியே சீட்டு வாங்கத் தெரிந்த அலுவலகத்துக்கு அதே வழியில் திருப்பி அனுப்பத் தெரியாதா?

கல்விக்கூடத்தில் இருப்பவர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. வணிகவியல் மாணவர்கள் கணினிக் கணக்கியல் ஆய்வகத்தில் பயிற்சி பெறுவதைப் பார்த்திருக்கிறேன். வினாத்தாளில், ரொக்கத்திற்குச் சரக்கு வாங்கியது இவ்வளவு, வாடகை செலுத்தியது இவ்வளவு என்று வாக்கியங்கள் வரிசையாக இருக்கும். மாணவர் அவற்றை ஏற்றுவார். அந்த வாக்கியங்கள் ஏற்கெனவே யாரோ சீட்டைப் படித்துத் தெளிவாக்கித் தந்தவை. படிக்கும் வேலை முடிந்த இடத்திலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. கசங்கிய, அடித்துத் திருத்திய, இரு மொழி கலந்த பத்துச் சீட்டுகளின் படங்களைக் கொடுத்து, இவற்றிலிருந்து கணக்கை எழுதுக என்று ஒரு பயிற்சி வைத்தால், எது ஐயம், எதை யாரிடம் கேட்க வேண்டும் என்ற அறிவு வளரும். மொழியியல் துறைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. கல்வெட்டையும் ஓலையையும் படிக்கப் பயிற்சி தருகிறோம். அண்டை வீட்டுக்காரரின் பில் புத்தகத்தைப் படிக்கும் பயிற்சியைப் பாடமாகக் கருதுவதில்லை. ஒப்புதல் பெற்று, பெயர்களும் எண்களும் மறைத்து, வணிகக் கையெழுத்துச் சீட்டுகளின் தொகுப்பு ஒன்றை எல்லைப்புறத்திலிருந்து தொடங்கினால், எழுத்துணரி நிரல் எழுதுவோருக்கும் பயன், நமக்கும் பயன்.

வரலாற்றாசிரியர்களுக்கு இதன் அருமை தெரியும். இத்தாலியின் பிராட்டோவில் 1410இல் மறைந்த தத்தீனி என்ற வணிகர் 500க்கும் மேற்பட்ட கணக்கேடுகளையும் ஏறத்தாழ 1,50,000 கடிதங்களையும் விட்டுச் சென்றார். கணக்கேடுகள் மட்டும் எஞ்சியிருந்தால் தொகைகள் தெரிந்திருக்கும். கடிதங்களும் சேர்ந்ததால் மனிதர்கள் தெரிகிறார்கள். முசிறிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் நடந்த வணிகம் பற்றி, வியன்னாவில் உள்ள இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாள் ஒன்று இவ்வளவு சொல்ல முடிவது, ஒரு கடன் ஒப்பந்தமும் ஒரு கப்பல் சரக்கின் மதிப்பீடும் அதே தாளின் இரு பக்கங்களில் பிரியாமல் தங்கியதால். நம் காலத்துக் கணக்கில் எண் ஒரு சேவையகத்திலும் சீட்டு வேறொரு சேவையகத்திலும் இருக்கின்றன. சந்தா நின்றால் இரண்டையும் இணைக்கும் நூல் அறுந்துவிடும்.

முடிக்கும் முன் தண்ணீர் லாரிக்காரரிடம் மறுபடி போகிறேன். அண்மையில் அவருடைய பில் புத்தகத்தை மீண்டும் பார்க்கக் கேட்டேன். என் ஆய்வுக்கு வேண்டியது அதில் இப்போது எதுவும் இல்லை. “நடை” இல்லை, “விட்டுப்போன” இல்லை, “சேத்துக்கவும்” இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் நாள், எண்ணிக்கை, விலை, மொத்தம் ஆகிய நான்கு எண்கள் மட்டும் இருந்தன. ஏன் அண்ணே குறிப்பு எழுதுவதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். “எழுதினா யாரு படிக்கிறாங்க தம்பி? நம்பர்னா பாத்துக்குவாங்க” என்றார். அவர் கற்றுக்கொண்டது நடைமுறையில் சரி. இனி அவர் பணம் தவறாது. ஆனால் ஒரு மொழி வணிகத்திலிருந்து எப்படி வெளியேறுகிறது என்று நாம் கட்டுரைகளில் தேடிக்கொண்டிருக்கிறோம். யாரும் தடை போடவில்லை, யாரும் வேறு மொழியைத் திணிக்கவில்லை. எழுதியதைத் திறந்து பார்க்க ஆளில்லாததால், எழுதியவர் நிறுத்திக்கொண்டார்.